வேலூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் சாமான் எங்கே வாங்குகிறீர்கள்?

பாலாற்றுமணல்:
எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தத்துக்கு அடுத்த ஒரு கிராமம். வீட்டுத் தொழில் தறி, ஆனால் என் மனசு ஓடுவது சர்க்யூட் பக்கம். மாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நிற்கிற மாதிரி ஒரு கண்ட்ரோலர் செய்கிறேன். சோல்டர் இல்லாமல் செருகிப் பார்க்கிற பிரெட்போர்டில் ஓடிவிட்டது. இனி ஜீரோ பிசிபியில் (ஓட்டை போட்ட வெற்று போர்டு) சோல்டர் செய்து ஏற்றி, பெட்டிக்குள் வைத்து நிரந்தரமாக மாட்ட வேண்டும்.

பிரச்சினை சாமான்தான். ஊரில் இருக்கிற கடையில் பிசி 547 டிரான்சிஸ்டர் கேட்டால் "எந்த செட்டுக்கு?" என்கிறார். ஆன்லைனில் போட்டால் சாமான் விலையைத் தாண்டி கூரியர் நிற்கிறது. அதுவும் எங்கள் ஊருக்குள் வராது, "டவுனுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று போன் வரும். இதற்காகச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மார்க்கெட்டுக்குப் போகலாமா? நீங்கள் எல்லாம் எங்கே வாங்குகிறீர்கள்?

காட்பாடிஜங்ஷன்:
ப்ரோ, கடை கடையாக அலையாதீர்கள். எல்லாமே ஆன்லைன்தான். ரோபு, ரோபோகிரேஸ், எவெல்டா என்று மூன்று தளங்களைத் திறந்து வைத்து விலை பார்த்து ஒன்றில் போட்டுவிடுவேன். ரோபு புனே, ரோபோகிரேஸ் பெங்களூரு, எவெல்டா நவி மும்பை. பெங்களூரிலிருந்து வருவது சீக்கிரம் கிடைக்கும். ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டால் கூரியர் செலவு தெரியாது. கல்லூரிப் பக்கத்துக் கடைகளில் புராஜெக்ட் கிட் என்று விற்கிறார்களே, அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள். பரீட்சை நெருங்கினால் அவர்கள் சொல்வதுதான் விலை.

சோல்டர்புகை:
வேலூர் டவுன்தான். சர்வீஸ் தொழிலில் இருக்கிறேன், அதனால் கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் சொல்கிறேன்.

"எந்த செட்டுக்கு?" என்று கேட்பது கிண்டல் இல்லை தம்பி. அவர் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் மெக்கானிக். அவர்கள் நம்பர் சொல்வது குறைவு. எரிந்ததைக் கழற்றிக் கொண்டுவந்து கல்லா மேஜையில் வைத்து "இதே மாதிரி ரெண்டு" என்பார்கள். செட் பெயர் தெரிந்தால் அந்த நம்பர் இல்லாவிட்டாலும் மாற்று எடுத்துக் கொடுக்கலாம் என்றுதான் கேட்கிறார். நீங்கள் ஒரு துண்டுத் தாளில் நம்பரைப் பெரிதாக எழுதி, பக்கத்தில் எத்தனை பீஸ் என்று போட்டு நீட்டிப் பாருங்கள், பேச்சே மாறிவிடும். கடை திறந்த முதல் ஒரு மணி நேரம் மெக்கானிக்குகள் மொய்ப்பார்கள். அந்த நேரத்தில் நாலு ரெசிஸ்டருக்கு நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மத்தியானம் போங்கள்.

டிவி, ஆம்ப்ளிஃபயர் ஸ்பேர் விற்கிற கடைகளில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கக்கூடியவை: கால் வாட் ரெசிஸ்டர், 1என்4007 டயோடு, வோல்டேஜைச் சீராக்குகிற 7805, 7812, பிசி 547, பிரீசெட், ஐசி பேஸ், எல்இடி, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க், 12 வோல்ட் சுகர் கியூப் ரிலே (கரண்டில் இயங்கும் குட்டி ஸ்விட்ச்), 4440 ஆம்ப்ளிஃபயர் போர்டு. இல்லாதவை: பெர்க் ஸ்டிரிப் (பின் வரிசை), ஈஎஸ்பி32 வைஃபை போர்டு, சென்சார், போர்டின் மேலேயே ஒட்டுகிற குட்டி எஸ்எம்டி சாமான். அதைப் போய்க் கேட்டால் இரண்டு பேருக்கும் நேரம் வீண்.

பிசி 547 வாங்கினால் கடையிலேயே எழுத்தைப் பாருங்கள். 557ம் அதே கறுப்பு, அதே அளவு, அதே மூன்று கால். பக்கத்துப் பக்கத்து டப்பாவில் கிடக்கும், கலந்துவிடும். ஒன்று என்பிஎன், இன்னொன்று பிஎன்பி, அதாவது நேர் எதிர் வகை. கண்ணுக்குத் தெரியாது, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.

அப்புறம், எல்லாவற்றையும் எலக்ட்ரானிக்ஸ் கடையிலேயே தேடாதீர்கள். எனாமல் கம்பி வேண்டுமானால் மோட்டார் ரீவைண்டிங் கடை. கேஜ் நம்பர் சொன்னால் எடை போட்டுத் தருவார்கள். பெரிய கரண்ட் தாங்குகிற ரிலே, ஃபியூஸ் ஹோல்டர், நல்ல வயர் எல்லாம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. பிசிபி அரிக்கிற ஃபெரிக் குளோரைடு கெமிக்கல் கடை. டெஸ்ட் லேப் கருவி வைத்திருப்பவர்களே இந்த மூன்றையும் மறந்துவிட்டு இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மாட்டுக்கொட்டகை:
மன்னிக்கவும், ஒரு சந்தேகம். பம்ப் செட் கடையில் ஃப்ளோட் ஸ்விட்ச் கிடைக்கிறது. தொட்டிக்குள் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. இதற்கு எதற்கு டிரான்சிஸ்டர்?

பாலாற்றுமணல்:
அண்ணே, ஃப்ளோட் ஸ்விட்ச் மாட்டினால் தண்ணீர் நிற்கும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும்?

காட்பாடிஜங்ஷன்:
😂 சரியான பதில் ப்ரோ.

கேங்கண்டன்சர்:
சிரித்துவிட்டேன் தம்பி. இந்தப் பதில் போதும், நீ உருப்படமாட்டாய். எங்கள் ஜாதிதான் நீ.

வடஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்து ஆள் நான். ரேடியோ. ஆற்காட்டில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டது. சாமானுக்கு அப்போது சென்னை மூர் மார்க்கெட். சென்ட்ரலில் இறங்கினால் பக்கத்திலேயே. மிலிட்டரி டிஸ்போசல், பழைய வால்வு, மீட்டர், என்ன இல்லை அங்கே. 1985ல் எரிந்து போனது. அதற்கப்புறம்தான் என் கால் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் முழுசாகத் திரும்பியது.

இப்போது எனக்கு வேண்டியது எந்தத் தளத்திலும் இல்லை. ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற கேங் கண்டன்சர், ஏரியலாக இருக்கிற ஃபெரைட் ராடு, ஐஎஃப்டி என்கிற குட்டி காயில். சுழற்றினால் தகடு தகடாக உள்ளே போகுமே, அந்த கேங். இதெல்லாம் காயலாங்கடையில்தான். லாங் பஜார் பக்கம் போகிற வழியில் ஒரு காயலாங்கடைக்காரர் பழக்கம். பழைய ரேடியோ வந்தால் உடைக்காமல் எடுத்து வைப்பார். டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

அரசு கொடுத்த இலவசக் கலர் டிவிகள் எல்லாம் இப்போது அங்கே மலையாகக் கிடக்கின்றன. ஹீட் சிங்க், ஃபில்டர் காயில், டிரான்சிஸ்டர் கழற்றலாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பிக்சர் டியூப் பக்கம் தெரியாதவன் கை வைக்கக் கூடாது. பவர் சப்ளையின் பெரிய கண்டன்சரில் பிளக்கைக் கழற்றிய பிறகும் 300 வோல்ட் உட்கார்ந்திருக்கும். ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, மீட்டரில் பார்த்துவிட்டு அப்புறம் தொடு. ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது வீரம் இல்லை.

மின்மினி:
ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை, போர்டு டெஸ்டிங். எல்லோரும் எங்கே கிடைக்கும் என்று பேசுகிறீர்கள். கிடைப்பது அசலா என்று யாரும் கேட்கவில்லையே?

கடையிலும் மலிவான மாட்யூலிலும் வருகிற, வோல்டேஜைக் குறைக்கிற எல்எம் 2596 பக் கன்வெர்ட்டரை ஸ்கோப்பில் பாருங்கள். அசல் சிப் 150 கிலோஹெர்ட்ஸில் ஓட வேண்டும். பல மாட்யூல்கள் 50 பக்கத்தில் ஓடுகின்றன. அது வேறு ஏதோ பழைய சிப், மேலே எழுத்து மட்டும் புதுசு. காயில் 150க்குக் கணக்குப் போட்டது, அதனால் லோடு ஏற்றினால் சூடாகும், வெளிவரும் வோல்டேஜில் அலை (ரிப்பிள்) கூடும். 2என்3055 பவர் டிரான்சிஸ்டர் இன்னும் மோசம். அதே இரும்புத் தொப்பி, அதே எழுத்து. ஒன்றை அறுத்துப் பார்த்தால் உள்ளே கடுகு அளவில் சிலிக்கான் இருக்கும். 18650 பேட்டரியில் 9900 எம்ஏஎச் என்று அச்சடித்து விற்கிறார்கள். நல்ல கம்பெனிச் செல்லே 3500ஐச் சுற்றித்தான் நிற்கும். தபால் எடை மிஷினில் வையுங்கள், ஒழுங்கான செல் 45 கிராமுக்கு மேல் இருக்கும்.

பவர் ஐசி, மாஸ்ஃபெட், ஆப்-ஆம்ப் மாதிரி சாமானுக்கு நான் எலிமென்ட்14, டிஜிகீ, மௌசர் இவற்றைத்தான் நம்புகிறேன். தயாரிப்பாளரிடமிருந்து நேராக வாங்கி விற்பவர்கள். விலை கூடத்தான், வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கத்துக்கு அடையாள ஆவணம் கேட்பார்கள், வரியும் உண்டு. ஆனால் ஐசி சரியில்லையா, என் சர்க்யூட் சரியில்லையா என்று ஒரு ராத்திரி முழுக்க முழிக்க வேண்டியதில்லை. வாங்காவிட்டாலும் அந்தத் தளங்களின் தேடல் பெட்டியைப் பயன்படுத்துங்கள். 60 வோல்ட்டுக்கு மேல், 5 ஆம்பியருக்கு மேல், ஸ்டாக் இருப்பது என்று வடிகட்டிப் பார்த்து, டேட்டா ஷீட்டை இறக்கிக்கொண்டு, அப்புறம் நம்பரோடு கடைக்குப் போகலாம்.

சோல்டர்புகை:
மின்மினி அக்கா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் 4440க்கு டிஜிகீ போக முடியுமா? சான்யோ போட்ட எல்ஏ 4440 எப்போதோ நின்றுவிட்டது. இப்போது மார்க்கெட்டில் ஓடுவது எல்லாம் சிடி 4440, சீனத்து நகல். அதைப் போட்டுத்தான் இங்கே பாதி ஆட்டோவில் பாட்டு ஓடுகிறது. நகல் என்று தெரிந்து, நகல் விலைக்கு வாங்கி, அது தாங்குகிற அளவுக்கு மட்டும் ஓட்டினால் தப்பில்லை. ஏமாற்று என்பது நகலை அசல் விலைக்கு விற்பது.

மின்மினி:
ஒத்துக்கொள்கிறேன் சோல்டர்புகை, ஒரு திருத்தத்தோடு. பாட்டு நின்றால் பரவாயில்லை. பேட்டரி சார்ஜர், மெயின்ஸில் தொடுகிற கெப்பாசிட்டர், மெயின்ஸைப் பிரித்து வைக்கிற ஆப்டோ கப்ளர், இந்த மூன்றிலும் நகல் கூடாது. அங்கே தோற்றால் தீ அல்லது ஷாக்.

காட்பாடிஜங்ஷன்:
அக்கா, கெப்பாசிட்டர் பற்றி ஒரு கேள்வி. ஒரே 1000 மைக்ரோ 25 வோல்ட், ஒன்றில் 85 டிகிரி, இன்னொன்றில் 105 டிகிரி என்று போட்டிருக்கிறது. விலை கொஞ்சம்தான் வித்தியாசம். நம் சர்க்யூட் என்ன அடுப்பிலா இருக்கிறது?

மின்மினி:
வேலூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா தம்பி! மே மாதம் வெளியே 40க்கு மேல். மொட்டை மாடியில் வெயிலில் மாட்டிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இன்னும் எவ்வளவு என்று யோசித்துக்கொள். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குப் பொதுவான கணக்கு ஒன்று உண்டு: சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு, கூடினால் பாதி. 85க்கும் 105க்கும் நடுவில் 20 டிகிரி, அதாவது ஏறக்குறைய நாலு மடங்கு. நம் ஊருக்குக் கண்ணை மூடிக்கொண்டு 105. உடம்பில் 105°சி என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்கு, கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாதே.

பாலாற்றுமணல்:
பெட்டி மாட்டப்போவது மாடியில்தான். நல்ல வேளை சொன்னீர்கள் அக்கா. சரி, ரிச்சி ஸ்ட்ரீட் போனால் எப்படிப் போவது, என்ன வாங்குவது?

கேங்கண்டன்சர்:
காலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறு. சாயங்காலம் அதே வண்டியில் திரும்பலாம். சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம், அங்கிருந்து நடைதான். ஞாயிறு போகாதே, பெரும்பாலும் ஷட்டர் மூடியிருக்கும். வண்டி காலையிலேயே கொண்டுபோய் விட்டுவிடும், கடைகள் திறக்க நேரமாகும், சிந்தாதிரிப்பேட்டையில் டிபன் சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் போ.

ரிச்சி ஸ்ட்ரீட் என்றால் ஒரே தெரு என்று நினைக்காதே. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாம் சேர்ந்ததுதான் அந்த மார்க்கெட். முகப்பில் இருப்பது லேப்டாப், கேமரா, மொபைல் கவர். கூவிக் கூப்பிடுவார்கள், நிற்காதே. நமக்கு வேண்டிய சில்லறைச் சாமான் உள்சந்திலும் மாடிப்படி ஏறியும் இருக்கும். சுவர் முழுக்க சின்னச் சின்ன டிராயர் இருக்கிற கடை தெரிந்தால் அங்கே நில்.

எடுத்ததும் விலை கேட்காதே. சீட்டை நீட்டு. பையன் ஒவ்வொன்றாக எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டே வருவான், நீ சீட்டில் டிக் போட்டுக்கொண்டே வா. ஒரு கவரில் ஒரு வேல்யூ மட்டும் போடச் சொல்லி, அதன் மேலேயே எழுதச் சொல். வீட்டுக்கு வந்து ஒரு கிலோ ரெசிஸ்டரைக் கலர் கோடு பார்த்துப் பிரிப்பது இந்த வயதில் எனக்கு முடியவில்லை.

சோல்டர்புகை:
ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஒன்று இரண்டு கேட்டால் முகம் சுளிப்பார்கள், பத்தாகவோ நூறாகவோ கேளுங்கள். ரெசிஸ்டர் நூறாக வாங்கினால் விலை எங்கோ இறங்கிவிடும். 1கே, 10கே, 4.7கே, 100 ஓம், 220 ஓம் நூறு நூறு வாங்கிப் போட்டால் ரொம்ப நாளைக்குக் கவலை இல்லை.

சோல்டர் கம்பியையும் அங்கேயே நல்லதாக வாங்குங்கள். 63/37 (வெள்ளீயம் 63, ஈயம் 37) என்று போட்டது. 183 டிகிரியில் ஒரே மூச்சில் உருகி ஒரே மூச்சில் உறையும். ஊரில் எடைக்கு விற்கிற பெயரில்லாத கம்பியில் ஈயம் அதிகம், வெள்ளீயம் குறைவு. 25 வாட் அயர்னுக்கு உருகவே யோசிக்கும், ஜாயின்ட் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக நிற்கும். நல்ல ஜாயின்ட் காலைச் சுற்றி எரிமலை மாதிரி சரிந்து பளபளக்கும்.

வயர் வாங்கும்போது நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. சோல்டர் ஒழுங்காகப் பிடிக்காது, நாலு தடவை மடக்கினால் ஒடிந்துவிடும். ஸ்பீக்கர் வயர் என்று இதைத்தான் சுருள் சுருளாக விற்கிறார்கள்.

மாட்டுக்கொட்டகை:
இவ்வளவு பேசுகிறீர்களே, பெங்களூர் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டை யாரும் சொல்லவில்லையே? எங்கள் ஆம்பூர் வாணியம்பாடிப் பக்கம் பல பேர் அங்கேதான் போகிறார்கள்.

கேங்கண்டன்சர்:
உங்களுக்கு அது வசதிதான். குடியாத்தம், காட்பாடி, அரக்கோணம் என்றால் சென்னை கிட்டம். நம் பாஷையில் பேரம் பேசலாம், அதுவும் ஒரு காரணம்.

பாலாற்றுமணல்:
எல்லோர் சொன்னதையும் வைத்துப் பிரித்திருக்கிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

டவுனில் வாங்குவது: பிசி 547, 1என்4007, ரெசிஸ்டர், சுகர் கியூப் ரிலே, 105 டிகிரி கெப்பாசிட்டர், 0-12 டிரான்ஸ்ஃபார்மர், 7812. பிசிபியும் ஐசி பேஸும் அங்கேயே. ரிலேயின் காயில் ஏறக்குறைய 400 ஓம், 12 வோல்ட்டுக்கு 30 மில்லி ஆம்பியர்தான் இழுக்கிறது, அதற்கு 547 தாங்கும். ரிலேயிலிருந்து நேராக மோட்டார். தண்ணீர் மட்டம் பார்க்கத் தொட்டிக்குள் மூன்று செம்புக் கம்பி. ரிச்சி ஸ்ட்ரீட் இப்போதைக்கு வேண்டாம், ஆவணி கழித்து ஒரு பெரிய சீட்டோடு போகிறேன்.

மின்மினி:
மூன்று மாற்றம்.

ரிலேயிலிருந்து நேராக மோட்டார் வேண்டாம். சுகர் கியூபின் மேல் 7 ஆம்பியர், 10 ஆம்பியர் என்று போட்டிருப்பது ஹீட்டர் மாதிரி சாதாரண லோடுக்கு. மோட்டார் கிளம்பும்போது அதன் பல மடங்கு இழுக்கும், கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் தொட்டி வழிந்தாலும் மோட்டார் நிற்காது. ரிலே ஒரு கான்டாக்டரின் (மோட்டாருக்கான பெரிய ரிலே) காயிலை மட்டும் ஓட்டட்டும், மோட்டாரைக் கான்டாக்டர் பார்த்துக்கொள்ளும். கான்டாக்டர் பம்ப் செட் கடையிலேயே கிடைக்கும்.

செம்புக் கம்பி வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நம் பக்கத்துத் தண்ணீர் உப்புத் தண்ணீர், டிசி ஓடினால் கம்பி அரிக்கும், பச்சையாகப் பூத்துவிடும். பாத்திரக் கடையில் ஸ்டீல் ஸ்பூன் வாங்கிக் காம்பை வெட்டிக்கொண்டாலும் சரி. அவ்வப்போது துடைக்கத்தான் வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் பற்றி ஒரு கேள்வி: சாயங்காலம் உங்கள் ஊரில் வோல்டேஜ் எவ்வளவு?

பாலாற்றுமணல்:
எல்லோரும் மோட்டார் போடுகிற நேரத்தில் 170 வரை இறங்கும் அக்கா.

மின்மினி:
அதுதான் பயந்தேன். 170ல் உங்கள் 12 வோல்ட் செகண்டரி 9க்குக் கீழே வரும். டயோடு பிரிட்ஜ் தாண்டி உச்சத்திலேயே 11 வோல்ட் சொச்சம்தான். 7812க்கு 14 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அது கைவிட்டுவிடும், ரிலே டக் டக் என்று அடித்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்மர், 7812 இரண்டையும் சீட்டிலிருந்து அடித்துவிடுங்கள். 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் அடாப்டர் போடுங்கள். மேலே 100 முதல் 240 வரை என்று அச்சடித்திருந்தால் 170ஐக் கண்டுகொள்ளாது.

சோல்டர்புகை:
காசு கொடுத்து வாங்க வேண்டாம். பழைய செட் டாப் பாக்ஸ் அடாப்டர் பலதும் 12 வோல்ட் 1 ஆம்பியர்தான். சாரதி மாளிகைப் பக்கம் மொபைல் ரிப்பேர் செய்கிறவர்களிடம் கேட்டாலும் டப்பாவில் கிடக்கும். மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எடுங்கள், 9 வோல்ட்டும் 5 வோல்ட்டும் அதே கறுப்புத்தான்.

பாலாற்றுமணல்:
வீட்டிலேயே ஒன்று இருக்கிறது! 12 வோல்ட், 1 ஆம்பியர், 100-240 என்றும் போட்டிருக்கிறது. பின்னில் எது பிளஸ்?

கேங்கண்டன்சர்:
பெரும்பாலும் நடு ஓட்டை பிளஸ், வெளி உலோகம் மைனஸ். மேலே ஒரு வட்டப் படம் இருக்கும், அதைப் பார். பார்த்த பிறகும் மீட்டரை டிசி 20ல் வைத்து சிவப்பை நடுவில் விட்டு அள. மைனஸ் குறி வந்தால் தலைகீழ். ஆம்பியர் முனையில் வைத்து அளந்துவிடாதே.

பாலாற்றுமணல்:
12.2 காட்டுகிறது ஐயா, குறி இல்லாமல். நாளைக்கு மத்தியானம் துண்டுத் தாளோடு கடைக்குப் போகிறேன்.

மாட்டுக்கொட்டகை:
தம்பி, கான்டாக்டர் வாங்கப் பம்ப் செட் கடைக்குப் போகும்போது ஒரு ஃப்ளோட் ஸ்விட்சும் வாங்கி வைத்துக்கொள்.